புளோயரா, கம்ப்ரஸரா: அழுத்தத்துக்குத்தான் விலை

கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலை ஒன்றுக்குள் போனால் காற்று இரண்டு விதமாக உழைப்பதைப் பார்க்கலாம். ரிங் ஃபிரேம் வரிசைகளுக்கு மேலே தண்டவாளத்தில் ஓவர்ஹெட் கிளீனர் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து தொங்கும் குழாய்கள் நாள் முழுவதும் ஊதியும் உறிஞ்சியும் பஞ்சுத்தூசியை அப்புறப்படுத்தும். அடுத்த கூடத்தில் ஆட்டோகோனர். நூல் அறுந்ததும் அதன் ஸ்பிளைசர் இரு முனைகளையும் பிடித்து, நொடிக்கும் குறைவான நேரம் காற்றைப் பீய்ச்சி, முடிச்சே இல்லாமல் சேர்த்துவிடும். முதல் வேலைக்குக் காற்று நிறைய வேண்டும், அழுத்தம் சொற்பம் போதும். இரண்டாவது வேலைக்குக் காற்று கொஞ்சம்தான், அழுத்தமோ 5, 6 பார். முதலாவது ஃபேன் செய்யும் வேலை; இரண்டாவது கம்ப்ரஸர் செய்யும் வேலை. இதில் ஆலைக்காரர்களுக்குக் குழப்பமே கிடையாது.

சிறுதொழில் கூடங்களில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஏற்கெனவே ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது, அதிலிருந்தே ஒரு லைன் இழுத்துவிட்டால் போயிற்று என்று கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று கொடுப்பவர்கள் உண்டு. எச்.பி. அதிகம் என்றால் அழுத்தமும் அதிகம் இருக்கும் என்று நம்பிப் புளோயர் வாங்கி, பெயின்ட் கன்னை அதில் மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. முதலாமவருக்கு வேலை நடக்கும். கரன்ட் பில் எகிறும். இரண்டாமவருக்கு வேலையே நடக்காது.

எதை வாங்குவது என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் வேண்டிய அழுத்தம் ஒன்று, நிமிடத்துக்கு வேண்டிய காற்றின் அளவு மற்றொன்று. காற்றின் அளவை எல்லோரும் ஓரளவு யோசித்துவிடுகிறார்கள். பணம் ஒழுகுவது பெரும்பாலும் அழுத்தத்தில்தான்.

கோடு எங்கே விழுகிறது

கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். இயந்திரத்துக்குள் அந்த அழுத்தத்தில் நுழையும் காற்று, வெளியே வரும்போது எத்தனை மடங்கு அழுத்தம் பெற்றிருக்கிறது என்பதை வைத்து அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் மூன்று வகை பிரித்திருக்கிறது. 1.11 மடங்கு வரை ஃபேன். 1.11 முதல் 1.2 மடங்கு வரை புளோயர். அதற்கு மேல் கம்ப்ரஸர். இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகமும் தன் பயிற்சிக் கையேட்டில் இதையே தருகிறது.

கடைத்தெரு இந்த வரையறைக்குக் கட்டுப்படுவதில்லை. வெளிக்காற்றுக்கு மேல் 1 பார் வரை தள்ளக்கூடிய, ரூட்ஸ் எனப்படும் இரட்டை லோப் இயந்திரமும் புளோயர் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. ஆகவே வாங்குபவருக்கு உதவும் நடைமுறைக் கோடு இப்படி விழும்: கேஜில், அதாவது வெளிக்காற்றுக்கு மேல், 0.1 பார் வரை போதுமென்றால் ஃபேன், 0.1 முதல் 1 பார் வரை புளோயர். 3 பாருக்கு மேல் கம்ப்ரஸர். 1 முதல் 3 பார் வரையிலான நடுப்பகுதிக்குத் தனிக் கதை உண்டு. அது பின்னால் வரும்.

அலகுகளில் ஒரு சிக்கல். பட்டறையில் "ஏழு கிலோ பிரஷர்" என்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்பதன் சுருக்கம் அது, கிட்டத்தட்ட 7 பார். பஞ்சர் கடையில் கணக்கு பி.எஸ்.ஐ.; 100 பி.எஸ்.ஐ. என்றாலும் ஏறக்குறைய அதே 7 பார்தான். புளோயர் பட்டியல்களிலோ அழுத்தம் மில்லிமீட்டர் நீருயரத்தில் இருக்கும். 10,000 மில்லிமீட்டர் சுமார் 1 பார். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது: 5,000 மில்லிமீட்டர் என்று பட்டியல் சொல்வது அரை பாரைத்தான். காற்றின் அளவுக்கு, 1 கனமீட்டர் 35.3 கனஅடி, அதாவது நிமிடத்துக்கு 1 கனமீட்டர் என்றால் 35.3 சி.எஃப்.எம். எல்லா விலைப்புள்ளிகளையும் ஒரே அலகுக்கு மாற்றி எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும்.

எச்.பி. சொல்லாத சேதி

10 எச்.பி. மோட்டார் பூட்டிய ரூட்ஸ் புளோயர் அரை பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 கனமீட்டர் அளவில் காற்றுத் தள்ளும். அதே 10 எச்.பி. மோட்டார் பூட்டிய ஸ்க்ரூ கம்ப்ரஸர் 7 பார் அழுத்தத்தில் தருவது 1 கனமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மோட்டார் ஒன்றே. அதன் சக்தியை ஒன்று அளவாகவும் மற்றொன்று அழுத்தமாகவும் மாற்றுகிறது.

காரின் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வேண்டும். அது 2.2 பார். 100 எச்.பி. புளோயரைக் கொண்டுவந்து வைத்தாலும் அதன் உச்ச அழுத்தம் 1 பார் என்றால், டயருக்குள் 1 பாருக்கு மேல் ஏறாது. காற்று எவ்வளவு வேகமாக வந்தாலும் அது அழுத்தக் குறையை ஈடுசெய்யாது.

லோப் ஒரு விதம், ஸ்க்ரூ ஒரு விதம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே கம்பளி ஆலை வைத்திருந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள், ஆலையை ஓட்டும் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக ஒன்றோடொன்று இணைந்து சுழலும் இரண்டு லோப்களை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீருக்கு அது சரிவரவில்லை. ஆனால் காற்றை அபாரமாகத் தள்ளியது. 1860இல் காப்புரிமை பெற்றார்கள். இரும்பு உருக்கும் கியூபோலா உலைகளுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. 1870இல் நியூயார்க் வீதிக்கு அடியில் ஆல்ஃபிரட் பீச் காற்றால் தள்ளி ஓட்டிக் காட்டிய சோதனை ரயிலுக்கும் ரூட்ஸ் புளோயர்தான் காற்று கொடுத்தது.

இன்றும் அடிப்படை மாறவில்லை. எட்டு வடிவத்தில் இரண்டு லோப்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். வெளியே உள்ள டைமிங் கியர்கள் பார்த்துக்கொள்வதால் அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதனால் காற்றுப் பாதையில் எண்ணெய் தேவையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த இயந்திரம் தனக்குள் காற்றை அமுக்குவதில்லை. ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் கொட்டுகிறது. எதிரே குழாயில் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதால்தான் அழுத்தம் உருவாகிறது. குறைந்த அழுத்தத்துக்கு இது சிக்கனம். அழுத்தம் ஏற ஏற லோப் இடுக்குகள் வழியே காற்று பின்னோக்கி நழுவும், சூடு ஏறும், மின்சாரம் வீணாகும். 1 பார் வாக்கில் ரூட்ஸ் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

ஸ்க்ரூ கம்ப்ரஸரில் இரண்டு திருகு உருளைகள் காற்றைச் சிறைபிடித்து, இடத்தைக் குறுக்கிக்கொண்டே போய், உள்ளேயே அமுக்குகின்றன. 1930களில் ஸ்வீடனின் ஆல்ஃப் லிஷோம் வளர்த்தெடுத்த வடிவம் இது. எண்ணெய் தெளிக்கும் வகையில் அந்த எண்ணெயே சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆகையால் 7, 8 பாருக்கு ஒரே கட்டத்தில் போக முடிகிறது. 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் இன்று பல நாடுகளுக்கு அனுப்பும் கம்ப்ரஸர்களில் இந்த வகை முக்கியமானது.

கணக்குப் போட்டால்

ஒரு தொழிற்கூடத்துக்கு நிமிடத்துக்கு 10 கனமீட்டர் காற்று, அரை பார் அழுத்தத்தில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரூட்ஸ் புளோயர் இதற்கு 12 கிலோவாட் அளவில் இழுக்கும். அதே 10 கனமீட்டரை 7 பார் கம்ப்ரஸரிலிருந்து எடுத்து, ரெகுலேட்டர் வைத்து அரை பாருக்கு இறக்கினால், கம்ப்ரஸர் இழுப்பது ஏறக்குறைய 60 கிலோவாட். வித்தியாசம் 48 கிலோவாட். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 3,84,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் ரூபாய் அதிகப்படிச் செலவு.

ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கும். செலவான மின்சாரத்தைத் திருப்பித் தராது. 7 பாருக்கு ஏற்றியபோதே பில் எழுதப்பட்டுவிட்டது.

கம்ப்ரஸருக்குள்ளேயும் இதே கதைதான். செட்டிங்கை 1 பார் கூட்டினால் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் கூடும். ஆறு பார் போதுமான இடத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று எட்டில் வைத்திருப்பவர் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மின்சாரத்தை அதற்கே கொடுக்கிறார்.

எந்த வேலைக்கு எது

திருப்பூரின் சாயக் கழிவுநீர் நிலையங்கள் நல்ல பாடம். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பிறகு, சுத்திகரிப்பு என்பது அந்த ஊரின் உயிர்ப்பிரச்சினையாயிற்று. உயிரியல் தொட்டியில் நுண்ணுயிர்கள் பிழைக்க இரவும் பகலும் காற்று போக வேண்டும். பொதுவாக இந்த வகை நிலையம் ஒன்றின் மின்செலவில் பாதியையோ அதற்கு மேலோ இந்தக் காற்றூட்டலே விழுங்கும். அழுத்தக் கணக்கு எளிது. தண்ணீரின் ஆழம் 4.5 மீட்டர் என்றால் அதை எதிர்த்துக் காற்று இறங்க 0.44 பார் வேண்டும். குழாயிலும் டிஃப்யூசரிலும் ஆகும் இழப்புக்கு இன்னும் 0.1 பார். மொத்தம் 0.55 பார் அளவு. இது ரூட்ஸ் புளோயரின் சொந்த வட்டாரம். பெரிய நிலையங்களில் இதே வேலைக்கு ஸ்க்ரூ புளோயரும் டர்போ புளோயரும் வருகின்றன. முதல் விலை அதிகம், மின்செலவு குறைவு.

மரக்காணம் கரையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தொட்டிகளின் ஆழம் ஒன்று, ஒன்றரை மீட்டர். 0.2 பார் போதும். சின்னப் பொரிப்பகத்துக்கு ரிங் புளோயர், பெரியதற்கு ரூட்ஸ். இங்கே அழுத்தத்தைவிட எண்ணெய்தான் பெரிய கேள்வி. எண்ணெய் தெளிக்கும் கம்ப்ரஸரின் காற்றில் எண்ணெய்ப்பசை கொஞ்சமாவது கலந்து வரும்; நீரில் படலமாகப் படிந்தால் குஞ்சுகளுக்கு ஆபத்து.

அரிசி ஆலையில் இரண்டுமே வேண்டும். உமியையும் தவிட்டையும் இழுப்பதற்கும், அவித்த நெல்லை உலர்த்துவதற்கும் ஃபேனும் புளோயரும். கருப்பு அரிசியையும் கல்லையும் கேமரா பார்த்துக் காற்றால் தட்டிவிடும் கலர் சார்ட்டருக்குக் கம்ப்ரஸர். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் எஜெக்டர் வால்வுகள் கெடும். டிரையர் இல்லாமல் சார்ட்டரை இணைக்கவே கூடாது.

கோவை ஃபவுண்டரிகளிலும் இதே ஜோடிதான். கியூபோலாவுக்குப் புளோயர், மணல் அச்சு இறுக்கும் ராமருக்கும் காற்றில் ஓடும் கிரைண்டருக்கும் 6 பார் கம்ப்ரஸர்.

குன்னூரின் தேயிலை ஆலையில் இலை வாட்டும் நீளத் தொட்டிகளுக்குக் கம்ப்ரஸரும் வேண்டாம், புளோயரும் வேண்டாம். பெரிய ஃபேன் போதும். ஆனால் அங்கே வேறொரு விஷயம் உண்டு. 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் அளந்த பட்டியல் எண்ணை நம்பி எந்தக் காற்று இயந்திரத்தை வாங்கினாலும் மலையில் அது தரும் காற்றின் எடை குறைந்தே இருக்கும். விற்பவரிடம் ஊரின் உயரத்தைச் சொல்லித்தான் விலை கேட்க வேண்டும்.

தவறாகக் கம்ப்ரஸர் புகும் இடங்களையும் சொல்ல வேண்டும். கழுவிய பாட்டிலில் நீரைத் துடைத்தெறிவது, சூடான பொருளை ஆற்றுவது, கன்வேயரில் தூசி தட்டுவது ஆகியவற்றுக்கு வேண்டியது காற்றின் ஓட்டம். கம்ப்ரஸர் லைனில் துளை போட்டு ஊதுவதற்குப் பதில், புளோயரோடு ஏர் நைஃப் பொருத்தினால் அதே வேலை மிகக் குறைந்த மின்சாரத்தில் முடியும். உடம்பையும் சட்டையையும் ஏர் கன்னால் ஊதித் துடைக்கும் பழக்கத்தையோ அடியோடு நிறுத்த வேண்டும். விளையாட்டாக உடலுக்குள் காற்றைச் செலுத்தி உயிரே போன நிகழ்வுகள் இந்தியாவில் செய்தியாகியிருக்கின்றன.

ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்

சிமென்ட் ஏற்றிவரும் பல்கர் லாரியிலிருந்து சிமென்ட்டைக் காற்றால் தள்ளி சைலோவுக்கு ஏற்றுவார்கள். அதற்கு 2 பார் அளவில் அழுத்தம் வேண்டும். ரூட்ஸ் எட்டாது, 7 பார் கம்ப்ரஸர் வீண். இதற்கென்றே குறைந்த அழுத்தக் கம்ப்ரஸர்கள் செய்கிறார்கள். பல லாரிகளில் வண்டியோடே பொருத்தியும் வருகின்றன. மாவு, பிளாஸ்டிக் குருணை போன்றவற்றைக் குழாயில் அனுப்பும்போது, காற்றில் மிதக்கவிட்டு வேகமாக அனுப்பினால் ரூட்ஸ் போதும். அடர்த்தியாக, மெதுவாகத் தள்ளினால் கம்ப்ரஸர் வேண்டும். 1 முதல் 3 பாருக்குள் வேலை விழுந்தால், அந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைத்த இயந்திரம் இருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை.

கம்ப்ரஸர்தான் என்றால்

நாளில் விட்டுவிட்டுச் சில மணி நேரம் ஓடும் பட்டறைக்குப் பிஸ்டன் கம்ப்ரஸர் சரி. நிற்காமல் ஓடும் இடத்தில் பிஸ்டன் சூடேறி வால்வுகள் போகும். அங்கே ஸ்க்ரூ வேண்டும்.

தண்ணீரை மறக்கவே கூடாது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றை 7 பாருக்கு அமுக்கி 35 டிகிரிக்குக் குளிர்வித்தால், ஒவ்வொரு கனமீட்டருக்கும் 19 கிராம் தண்ணீர் பிரியும். நிமிடத்துக்கு 1 கனமீட்டர் தரும் சிறிய இயந்திரம் எட்டு மணி நேர ஷிஃப்டில் 9 லிட்டர் தண்ணீரை டேங்கிலும் லைனிலும் சேர்க்கிறது. டிரெய்ன் வால்வைத் தினமும் திறக்காத பட்டறையில் பெயின்ட் கொப்பளிப்பதற்கும் ஏர் டூல்ஸ் துருப்பிடிப்பதற்கும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரே காரணம்.

அடுத்தது கசிவு. 7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 0.6 கனமீட்டருக்கு மேல் காற்றை வெளியே விடும். அதற்காகக் கம்ப்ரஸர் 3 முதல் 4 கிலோவாட் வீணாக இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். யாருமே காற்றை எடுக்காதபோதும் அது அடிக்கடி லோடுக்குப் போனால், அத்தனையும் கசிவு.

இயந்திரத்தின் மூக்கு இருக்கும் இடமும் முக்கியம். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 4 டிகிரி கூடினால் மின்செலவு 1 சதவீதம் கூடும். ஜன்னலில்லாத அறையில் கம்ப்ரஸரைப் பூட்டி வைப்பவர் அதன் சொந்தச் சூட்டையே அதற்குத் திரும்ப ஊட்டுகிறார். காற்று டேங்க் அழுத்தக்கலம் என்பதால் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்ட விதிகளுக்குள் வரும். சேஃப்டி வால்வைக் கட்டி வைப்பதோ, காலமுறைச் சோதனையைத் தள்ளிப்போடுவதோ கூடாது.

புளோயர்தான் என்றால்

எந்த வகைப் புளோயர் என்பதைப் பொறுத்து ஓட்டும் முறை தலைகீழாக மாறும். சென்ட்ரிஃப்யூகல் புளோயரில் வெளிவழி டாம்பரை மூடினால் காற்றோட்டம் குறையும், மோட்டாரின் சுமையும் பொதுவாகக் குறையும். ரூட்ஸில் வெளிவழி வால்வை மூடினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிலீஃப் வால்வு திறக்காவிட்டால் மோட்டாரோ லோபோ போய்விடும். ஆகவே ரூட்ஸில் காற்றைக் குறைக்க வால்வைத் தொடக் கூடாது. புல்லியை மாற்ற வேண்டும் அல்லது வி.எஃப்.டி. போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கக்கூடிய எல்லையையும் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மிக மெதுவாக ஓடினால் ரூட்ஸ் சூடேறும்.

சூடு என்றதும் குழாய். அரை பார் அழுத்தத்தில் ரூட்ஸிலிருந்து வரும் காற்று, உள்ளே போனதைவிட 50 டிகிரி அளவில் சூடாக இருக்கும். சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்று உள்ளே போனால் 90 டிகிரி வெளியே வரும். அந்த வாயில் பி.வி.சி. பைப்பை மாட்டினால் இளகி வளைந்துவிடும். தொட்டிக்குள் இறங்கும்வரை இரும்புக் குழாய் போடுவது பாதுகாப்பு. கம்ப்ரஸர் லைனில் பி.வி.சி. அதைவிட மோசம்: அழுத்தத்தில் உடைந்தால் கூரான சில்லுகளாகத் தெறிக்கும்.

ரூட்ஸின் இரைச்சலையும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். மூடி போடாத இயந்திரத்தின் அருகே 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். குடியிருப்பை ஒட்டிய ஆலை என்றால் ஒலிமூடியின் விலையையும் சேர்த்தே விலைப்புள்ளி வாங்க வேண்டும்.

விலைப்புள்ளி கேட்கும்போது

விற்பவருக்கு அனுப்பும் தாளில் இவை இருக்க வேண்டும்:

- வேலை நடக்கும் இடத்தில் வேண்டிய அழுத்தம், அங்கு வரைக்குமான குழாய் இழப்பு
- நிமிடத்துக்கு வேண்டிய காற்று, உச்சமும் சராசரியும் தனித்தனியாக
- நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்
- எண்ணெய், ஈரம் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம்
- ஊரின் உயரம், கோடையின் உச்ச வெப்பம்

அவரிடமிருந்து மோட்டாரின் எச்.பி.யை மட்டும் எழுத்தில் வாங்கினால் போதாது. குறிப்பிட்ட அழுத்தத்தில், குறிப்பிட்ட காற்றுக்கு, மீட்டரில் எத்தனை கிலோவாட் விழும் என்ற எண் வேண்டும். அதை நிமிடக் கனமீட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒப்பிட வேண்டிய அளவு. 7 பார் ஸ்க்ரூவில் அது 6 அளவிலும், அரை பார் ரூட்ஸில் 1.2 அளவிலும் இருக்கும். கம்ப்ரஸரின் காற்றளவு ஐ.எஸ்.ஓ. 1217 முறையில் அளந்த ஃப்ரீ ஏர் டெலிவரியா அல்லது பிஸ்டனின் கொள்ளளவை வைத்துப் போட்ட காகிதக் கணக்கா என்றும் கேட்க வேண்டும். பிஸ்டன் இயந்திரங்களில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும்.

ஏற்கெனவே கம்ப்ரஸர் வைத்திருப்பவர் புதிதாக எதையும் வாங்குமுன், ஒவ்வொரு லைனின் முனையிலும் ரெகுலேட்டர் எத்தனை பாரில் நிற்கிறது என்று எழுதிப் பார்க்கலாம். 1 பாருக்குக் கீழே நிற்கும் ஒவ்வொரு முனையும் புளோயருக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய இடம். அவற்றில் அதிகக் காற்றை, அதிக நேரம் குடிக்கும் முனையை முதலில் மாற்றினால், கம்ப்ரஸர் லோடில் ஓடும் நேரம் எவ்வளவு குறைகிறது என்பதை அதே இயந்திரத்தின் மணிமீட்டரில் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.